பி-2 விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பிள்ளைகளை அமெரிக்கப் பொதுப் பள்ளிக்கு அனுப்பலாமா?

வாசகர் கேள்வி, 2025 ஜூலை 20

டாலஸ் புறநகரில் நான்கு ஆண்டுகளாக எச்-1பி விசாவில் வேலை பார்த்தேன். மே மாத இறுதியில் ஆட்குறைப்பில் வேலை போனது. வேலை போனவர்களுக்குத் தரப்படும் அறுபது நாள் அவகாசம் முடிவதற்குள் குடும்பம் முழுவதற்கும் பி-2 என்ற சுற்றுலா நிலைக்கு மாற்றம் கேட்டு ஐ-539 என்ற படிவத்தில் விண்ணப்பம் அனுப்பிவிட்டோம். மகள் 5ஆம் வகுப்புக்கும் மகன் 10ஆம் வகுப்புக்கும் போக வேண்டும். இருவரும் இதுவரை என் விசாவைச் சார்ந்த எச்-4 நிலையில் இங்குள்ள பொதுப் பள்ளியில்தான் படித்தார்கள். “விசா இல்லாத பிள்ளையை அனுப்பினால் பள்ளியே குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுத்துவிடும், எதிர்காலமே போய்விடும்” என்கிறார் ஒரு நண்பர். ஆகஸ்டில் பள்ளி திறக்கிறது. என்ன செய்வது?

2025 ஜூலை 20, இரவு

உங்கள் நண்பரின் பேச்சில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. பள்ளி உங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுமா என்பது ஒன்று; பள்ளிக்குப் போவதால் அவர்களுடைய குடிவரவு நிலைக்கு ஊறு வருமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு 1982இலிருந்து தெளிவான விடை இருக்கிறது. பள்ளி மாவட்ட (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) எல்லைக்குள் வசிக்கும் பிள்ளையை, அதன் விசா எதுவாக இருந்தாலும், விசாவே இல்லாவிட்டாலும், பொதுப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது கேள்வியை அவ்வளவு சுருக்கமாகத் தீர்க்க முடியாது, தனியாக எழுதுகிறேன்.

பள்ளி குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுக்கும் என்பது பற்றி மட்டும் இப்போதே சொல்கிறேன். மாணவர் பதிவேடுகளைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் வெளியே தரக் கூடாது என்று 1974ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. நீதிமன்ற ஆணை போன்ற விதிவிலக்குகள் அதில் உண்டு. ஆனால், ஒரு பிள்ளையின் விசா முடிந்துவிட்டது என்று எந்தத் துறைக்கும் எழுதி அனுப்பும் கடமை பள்ளிக்கு இல்லை.

2025 ஜூலை 21

1982இல் என்ன நடந்தது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இந்த வழக்கு நாம் வாழும் டெக்சாஸ் மாநிலத்திலேயே பிறந்தது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

1975இல் டெக்சாஸ் சட்டமன்றம் தன் கல்விச் சட்டத்தைத் திருத்தியது. சட்டப்படி அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்படாத பிள்ளைகளின் கல்விக்கு மாநில நிதி கிடையாது; விரும்பினால் பள்ளி மாவட்டங்கள் அவர்களைச் சேர்க்க மறுக்கலாம் என்பது அந்தத் திருத்தம். டாலசுக்குக் கிழக்கே, ரோஜாத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற டைலர் நகரின் பள்ளி மாவட்டம் 1977இல் அத்தகைய பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. தோட்டங்களிலும் இறைச்சிக் கூடங்களிலும் உழைத்த மெக்சிகோக் குடும்பங்களால் கொடுக்கக்கூடிய தொகையா அது? பிள்ளைகள் வீட்டில் நின்றுவிட்டார்கள்.

சில பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். மெக்சிகோ அமெரிக்கர்களின் சட்டப் பாதுகாப்பு நிதியத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் பீட்டர் ரூஸ் வாதாடினார். பெற்றோரின் அடையாளம் வெளியே தெரியாதிருக்க, கூட்டாட்சி நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்டிஸ் விசாரணையைக் காலை ஆறு மணிக்கு வைத்தார். நீதிமன்றத்திலேயே பிடித்து நாடு கடத்திவிடுவார்கள் என்ற அச்சத்தில் வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த குடும்பங்களும் இருந்தன. நாடு கடத்தப்படுவதற்கு ஆயத்தமாகிவிட்டு, பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்று சாட்சிக் கூண்டில் நிற்க அவர்கள் வந்திருக்கிறார்கள். அந்த அளவுக்குத் துணிவு எனக்கு இருந்திருக்குமா என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நீதிபதி ஜஸ்டிஸ் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஹூஸ்டனில் தொடங்கிய வழக்குகளும் இதனோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போயின. 1982 ஜூன் 15 அன்று, பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் ஜேம்ஸ் பிளைலரின் பெயரால் அறியப்படும் ‘பிளைலர் எதிர் டோ’ வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் டெக்சாஸ் தோற்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரென்னன். கல்வி ஓர் அடிப்படை உரிமை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை; 1973இல் சான் அன்டோனியோ வழக்கிலேயே அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் மறுத்திருந்தது. பிரென்னன் வேறு வழியில் சென்றார். தன் எல்லைக்குள் இருக்கும் எந்த நபருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை மாநிலம் மறுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம். பெற்றோரின் செயலுக்காக, தன் நிலையைத் தானே மாற்றிக்கொள்ள முடியாத குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் தண்டனையைக் கொடுக்க மாநிலத்திடம் போதிய காரணம் இல்லை என்றார் அவர். அந்தப் பிள்ளைகளை விலக்கினால் மற்றவர்களின் கல்வி மேம்படும் என்பதற்கும் மாநிலத்தால் சான்று காட்ட முடியவில்லை.

2025 ஜூலை 22

“அது எல்லை தாண்டி வந்தவர்களுக்கான தீர்ப்பு, முறைப்படி விசா எடுத்து வந்த நமக்குப் பொருந்துமா?” என்று ஒருவர் கேட்கிறார். பொருந்தும். எப்படி உள்ளே வந்தார் என்பதை 14ஆவது திருத்தம் கேட்பதில்லை.

2025 ஜூலை 23

இப்போது இரண்டாவது கேள்வி. நான் வழக்கறிஞர் அல்ல. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்பிப்பவள். புதிதாக வரும் குடும்பங்களுக்குச் சேர்க்கைப் படிவங்களை நிரப்ப உதவும் பழக்கத்தில் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முடிவெடுக்கும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டாயம் பேசுங்கள்.

எச்-4, எல்-2, எப்-2 ஆகிய சார்புநிலை விசாக்களில் (பெற்றோரின் வேலை அல்லது மாணவர் விசாவைச் சார்ந்தவை) இருக்கும் பிள்ளைகள் பொதுப் பள்ளியில் தடையின்றிப் படிக்கலாம். சிக்கல் எப்-1, பி-2 இரண்டிலும்தான் இருக்கிறது.

எப்-1 என்பது பிள்ளையே மாணவர் விசாவில் வருவது. 1996ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி எப்-1 மாணவர் 8ஆம் வகுப்பு வரையிலான பொதுப் பள்ளியில் படிக்கவே முடியாது. பொது உயர்நிலைப் பள்ளியில் மொத்தமாகப் பன்னிரண்டு மாதங்கள் மட்டும், அதுவும் ஒரு மாணவருக்கு ஆகும் முழுச் செலவையும் முன்கூட்டியே செலுத்திப் படிக்கலாம். தனியார் பள்ளிக்கு எப்-1 வாங்கி வந்து பொதுப் பள்ளிக்கு மாறினால், பிறகு ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால்தான் மீண்டும் அனுமதி. உங்கள் நண்பர் சொன்ன ‘எதிர்காலமே போய்விடும்’ என்ற அச்சம் இந்த விதியிலிருந்து கசிந்து வந்திருக்கலாம் என்று கருதுகிறேன். உங்கள் பிள்ளைகள் எப்-1இல் இல்லை என்பதால் இந்த ஐந்தாண்டுத் தடை அவர்களைத் தொடாது.

பி-2 வேறு வகை. பி-2 நிலையில் அனுமதிக்கப்பட்டவரோ, அந்நிலைக்கு மாறியவரோ ஒரு படிப்பில் சேர்ந்தால் அந்த நிலையின் நிபந்தனையை மீறுகிறார் என்று விதி சொல்கிறது. 2002இல் வந்த கட்டுப்பாடு இது. ஆகவே விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் காலத்தையும், அது ஏற்கப்பட்டபின் வரும் காலத்தையும் பிரித்துப் பாருங்கள். இன்று உங்கள் பிள்ளைகள் பி-2 நிலைக்கு மாறிவிடவில்லை. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பள்ளிக்குத் திரும்பிப் போகிறார்கள். ஒப்புதல் வந்த பிறகு நிலைமை மாறுகிறது. வழக்கறிஞரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே.

இதற்கு நடுவே இன்னொரு சட்டம் நிற்கிறது. டெக்சாஸில் ஆறு வயது முதல் பத்தொன்பதாம் பிறந்தநாள் வரை பள்ளிக்குப் போவது கட்டாயம். வீட்டுக்கல்விக்கு மாநிலம் இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் எந்த ஏற்பாடும் செய்யாமல் பிள்ளையைச் சும்மா வீட்டில் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று சொல்பவர்கள் மாநிலச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

2025 ஜூலை 23, இரவு

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிளைலர் தீர்ப்பு பள்ளியின் கையைத்தான் கட்டுகிறது. குடிவரவுத் துறையின் கையைக் கட்டவில்லை. பள்ளி சேர்த்துக்கொண்டது என்பதால் விசா மீறல் சரியாகிவிடாது. இதையும் மனத்தில் கொண்டே என் முதல் குறிப்பைப் படியுங்கள்.

இன்னொரு செய்தி. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சட்டவிரோதத் தங்கல் நாட்கள் கணக்கில் சேர்வதில்லை. பெற்றோருக்குச் சேரும்: 180 நாட்களைத் தாண்டிய பின் நாட்டை விட்டு வெளியேறினால் மீண்டும் நுழைய மூன்று ஆண்டுத் தடை, ஓர் ஆண்டை எட்டிய பின் என்றால் பத்து ஆண்டுத் தடை.

2025 ஜூலை 26

புதிய கேள்வி ஒன்று: “என் அண்ணன் மகன் சுற்றுலா விசாவில் வருகிறான். அவனை என் வீட்டில் வைத்து இங்கேயே 9ஆம் வகுப்பில் சேர்க்கலாம் அல்லவா? பள்ளி மறுக்க முடியாது என்கிறீர்களே!”

வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். மேலே உள்ள குடும்பத்தின் நிலை வேறு, இது வேறு. படிக்கும் எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, தூதரகத்தில் சுற்றிப் பார்க்க என்று சொல்லி விசா வாங்குவது பொய். அந்தப் பொய்யின் சுமையைப் பதினான்கு வயதுப் பையன் தலையில் வைக்கிறீர்கள். பின்னாளில் அவன் முறைப்படி மாணவர் விசாவுக்கு நேர்காணலில் நிற்கும்போது, முன்பு இங்கே பள்ளிக்குப் போனாயா என்று கேட்டால் என்ன சொல்வான்?

பள்ளிப் பக்கத்திலும் உங்கள் எண்ணம் முழுமையானதல்ல. பிளைலருக்கு அடுத்த ஆண்டு, 1983இல், ‘மார்டினெஸ் எதிர் பைனம்’ என்ற வழக்கு அதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதில் வந்த சிறுவன் டெக்சாஸின் மக்காலன் நகரில் பிறந்த அமெரிக்கக் குடிமகன். பெற்றோர் மெக்சிகோவின் ரெய்னோசாவில் வசித்தார்கள். படிப்பதற்காக மட்டும் மக்காலனில் உள்ள அக்காள் வீட்டுக்கு வந்திருந்தான். பள்ளி அவனை இலவசமாகச் சேர்க்க மறுத்தது. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. ஆவணமில்லாத பிள்ளை வென்ற இடத்தில் குடிமகனான பிள்ளை தோற்றான். ஏனென்றால் பள்ளி கேட்கக்கூடியது வசிப்பிடத்தை. இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் அமெரிக்கப் பொதுப் பள்ளி யாருக்கு உரியது என்பது புரியும்: அந்த ஊரில் உண்மையாக வாழ்கிறவர்களின் பிள்ளைகளுக்கு.

2025 ஜூலை 29

சேர்க்கை மேசையில் என்ன கேட்பார்கள் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். முகவரிக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தம் அல்லது மின்கட்டண ரசீது, வயதுக்குச் சான்று, தடுப்பூசிப் பதிவு, முந்தைய பள்ளியின் மதிப்பெண் பட்டியல். சமூகப் பாதுகாப்பு எண் கேட்டால் தராமல் விடலாம்; பள்ளியே மாற்று எண் ஒன்றை ஒதுக்கும். எச்-4 பிள்ளைகளுக்குப் பொதுவாக அந்த எண் இருப்பதில்லை என்பதால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த மாற்று எண்ணில்தான் படித்து வருகிறார்கள்.

ஒரு புறநகர்ப் பள்ளியில், நான் உடன் சென்றிருந்தபோது, மேசையில் இருந்த அம்மையார் தாயிடம் கடவுச்சீட்டில் உள்ள விசாப் பக்கத்தைக் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை, பிறந்த தேதியைச் சரிபார்க்கும் எளிய வழி என்று எண்ணியிருக்கலாம். அந்தத் தாயின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ் தந்தால் போதுமா என்று கேட்டேன். போதும் என்று உடனே ஏற்றுக்கொண்டார். பிள்ளைகளைச் சேர்க்க விடாமல் அச்சுறுத்தும் வகையில் ஆவணங்களைக் கேட்கக் கூடாது என்று நீதித் துறையும் கல்வித் துறையும் 2011இலும் 2014இலும் எல்லாப் பள்ளி மாவட்டங்களுக்கும் வழிகாட்டுக் கடிதம் அனுப்பியிருந்தன. மேசையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அவற்றைப் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பணிவாகக் கேளுங்கள், விட்டுக்கொடுக்காமல் கேளுங்கள்.

2025 ஜூலை 30

மதிய உணவு பற்றி: வருமானம் நின்றுபோன குடும்பம் இலவச உணவுக்கு விண்ணப்பிக்கலாம். படிவம் குடிவரவு நிலையைக் கேட்பதில்லை. ஆனால் பி-2 விண்ணப்பத்தில் கையிருப்புப் பணத்தைக் கொண்டு செலவைப் பார்த்துக்கொள்வோம் என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். அதனோடு இது பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2025 ஆகஸ்டு 2

ஒருவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “நாம் வரி கட்டி, வரிசையில் நின்று வந்தவர்கள். ஆற்றைக் கடந்து வந்தவர்களின் தீர்ப்பைக் காட்டி நம் பிள்ளைகளுக்கு உரிமை கேட்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.”

எனக்கு இதில் சிறிதும் உடன்பாடு இல்லை. டெக்சாஸின் பொதுப் பள்ளிகளுக்கு நிதி தருவதில் சொத்து வரிக்குப் பெரும் பங்கு உண்டு. வீடு வைத்திருப்பவர் நேரே கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார். விசா இல்லாத தொழிலாளியின் வாடகையிலும் அந்த வரி இருக்கிறது. வரிசையைப் பற்றி என்ன சொல்வது? வேலை போன நாளிலிருந்து, அதிகபட்சம், அறுபது நாட்கள். அதற்குள் புதிய நிறுவனம் மனுச் செய்யவில்லை என்றால், பதினைந்து ஆண்டுகள் முறையாக வாழ்ந்த குடும்பமும் காகிதத்தில் நிலையற்ற குடும்பமாகிவிடும். அந்த நாளில் உங்கள் பிள்ளைக்காகப் பள்ளிக் கதவைத் திறந்து வைத்திருப்பது, சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்த அந்தத் தொழிலாளர்கள் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு. நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு ஞாயிறுதோறும் வந்த பையன் ஒருவன், வார நாட்களில் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அப்பாவுக்கு வேலை போய், எல்லாரும் அச்சுறுத்தியதால் வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். பழைய பள்ளியின் மணி அட்டவணையை ஒரு தாளில் எழுதி உணவு மேசையில் ஒட்டிவைத்து, எந்த மணிக்கு எந்தப் பாடமோ அந்தப் பாடத்தைத் தானே எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். மதிய இடைவேளை வந்தால் பால்கனியில் நிற்பான் என்று அவன் அம்மா சொன்னார். ஏழாம் வகுப்புப் பிள்ளை. அந்த வீட்டில் யாரும் தவறு செய்யவில்லை. தவறான அறிவுரை மட்டுமே இருந்தது. அதனால்தான் இங்கே இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2025 ஆகஸ்டு 5

“இந்தத் தீர்ப்பு நிலைக்குமா?” என்பதும் நியாயமான கேள்வி. ஜூலை 20 அன்று நான் எழுதியது இன்றைய சட்ட நிலை. அதை மாற்றும் முயற்சிகள் ஒருபோதும் ஓயவில்லை. 1994இல் கலிபோர்னியா வாக்காளர்கள், ஆவணமற்றவர்களுக்குப் பொதுப் பள்ளி உள்ளிட்ட சேவைகளை மறுக்கும் 187ஆவது முன்மொழிவை நிறைவேற்றினார்கள். நீதிமன்றம் அதை நடைமுறைக்கு வர விடவில்லை. 2011இல் அலபாமா, புதிதாகச் சேரும் பிள்ளைகளின் நிலையைப் பள்ளிகள் கேட்டறிய வேண்டும் என்று சட்டம் இயற்றியது. யாரையும் விலக்குவோம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, கேட்டறியச் சொன்னது மட்டுமே. அதற்கே அந்த இலையுதிர் காலத்தில் லத்தீன அமெரிக்கப் பிள்ளைகள் பெருமளவில் பள்ளிக்கு வராமல் நின்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தடுத்தது. இந்த ஆண்டு டென்னசி மாநில செனட் இதே திசையில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. கீழவையில் அது நின்றுபோயிற்று. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் ஆகியவற்றில் குடிவரவு நடவடிக்கைகளைத் தவிர்க்கச் சொன்ன கூட்டாட்சி வழிகாட்டுதலும் கடந்த ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தின் பெறுகைச் சீட்டைக் கையில் வைத்திருங்கள். பள்ளியின் அவசரத் தொடர்புப் பட்டியலில் உங்களைத் தவிர நம்பகமான ஒருவர் பெயரையும் சேருங்கள். இவற்றைச் செய்துவிட்டுப் பிள்ளையை அனுப்புங்கள்.

2025 ஆகஸ்டு 6

10ஆம் வகுப்புப் பையனைப் பற்றி ஒரு கூடுதல் குறிப்பு. பிளைலர் பாதுகாப்பு 12ஆம் வகுப்போடு முடிகிறது. டெக்சாஸ் 2001இல், நாட்டிலேயே முதல் மாநிலமாக, இங்கே பள்ளி முடித்த ஆவணமற்ற மாணவர்களுக்கும் உள்ளூர்க் கல்லூரிக் கட்டணம் தரும் சட்டம் இயற்றியது. கடந்த ஜூன் 4 அன்று கூட்டாட்சி அரசு அதன்மேல் வழக்குத் தொடுத்தது. மாநில அரசு எதிர்க்காமல் ஒத்துக்கொண்டது. அன்றே நீதிபதி அச்சட்டத்தை நிறுத்திவிட்டார். உங்களுக்கு மீண்டும் எச்-1பி கிடைத்து மகன் எச்-4க்குத் திரும்பினாலும் இருபத்தொரு வயதில் அந்த நிலை முடிந்துவிடும். அவன் படிப்பை எந்த நாட்டில் முடிக்கப் போகிறான் என்பதை இந்த ஆண்டிலேயே அவனையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

2025 ஆகஸ்டு 9

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: வழக்கறிஞரிடம் பேசிவிட்டார்கள், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், பி-2 ஒப்புதல் வந்தும் வேலை கிடைக்காவிட்டால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கோயம்புத்தூர் திரும்புவார்கள். நல்ல முடிவு.

அப்படித் திரும்புவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். நம் ஊர்ப் பள்ளிகள் மாற்றுச் சான்றிதழ் கேட்கும்; இங்கே அந்தப் பெயரில் ஒன்று தருவதில்லை. புறப்படுவதற்கு முன்பே பள்ளி அலுவலகத்தில் விலகல் படிவத்தையும், பள்ளி முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலையும், பையன் 9ஆம் வகுப்பில் பெற்ற பாடப் புள்ளிகளின் விவரத்தையும், வருகைப் பதிவையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுமுறையில் அலுவலகம் மூடியிருக்கும். டிசம்பர் முதல் வாரத்திலேயே கேளுங்கள்.